.22 பிஸ்டல், ரைஃபிள் இரண்டுக்கும் ஒரே சைலன்சர் போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

கரிசல்காடு (கேள்வி)

வணக்கம். இருப்பது டெக்சஸ், கிரீன் கார்டு. கைவசம் இருப்பவை இரண்டு, இரண்டும் .22 எல்ஆர். ஒன்று ரூகர் மார்க் 4 22/45 லைட் பிஸ்டல், 4.4 அங்குல பேரல். மற்றது சி.இசட் 457 போல்ட் ரைஃபிள், 16.5 அங்குல பேரல். இரண்டுக்கும் பேரல் நுனியில் 1/2×28 மரை கம்பெனியிலேயே போட்டது. பேப்பர் டார்கெட், இரும்புத் தட்டு, அவ்வளவுதான் பயன்பாடு. பெரும்பாலும் வெளி ரேஞ்ச், சில சமயம் உள்ளரங்கு.

கேட்க வேண்டியவை:

இரண்டுக்கும் ஒரே சைலன்சரை மாற்றி மாற்றிப் போடலாமா? விளம்பரங்களில் ஒருவர் 113 டெசிபல் என்கிறார், இன்னொருவர் 116 என்கிறார். அந்த 3 டெசிபலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டா? அலுமினியம், டைட்டானியம், ஸ்டீல் மூன்றில் எது? பின்னால் .17 எச்எம்ஆர் அல்லது .22 மேக்னம் ரைஃபிள் ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது, அதற்கும் இதுவே ஆகுமா? எந்தத் தோட்டா?

பட்டறை

ஒன்றே போதும். உங்கள் இரண்டும் ஒரே மரை என்பதால் அடாப்டர் தொல்லையும் இல்லை. 9 மி.மீ. பிஸ்டல்களில் பேரல் பின்னுக்குச் சாய்ந்து நகரும். நுனியில் எடை ஏறினால் அது சரியாக நகராது என்பதால் சைலன்சருக்குள் ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் ஒன்று தேவைப்படும். மார்க் 4-இல் பேரல் அசையவே அசையாது, உள்ளே போல்ட் (தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் பகுதி) மட்டும்தான் பின்னே வந்து போகும். அதனால் ஸ்பிரிங், பிஸ்டன் எதுவும் வேண்டாம். நேராகத் திருகினால் வேலை முடிந்தது.

டெசிபல் கணக்கை வைத்து வாங்காதீர்கள். பொதுவாக மீட்டரைப் பேரல் வாயிலிருந்து 1 மீட்டர் இடப்பக்கம் தள்ளி வைத்து அளப்பார்கள். எந்தத் தோட்டா, எத்தனை அங்குல பேரல், அன்றைய வெப்பம், ஈரம், எந்த மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். ஒரே சைலன்சரில் அடுத்தடுத்த பத்து வெடிகளுக்குள்ளேயே இரண்டு மூன்று டெசிபல் ஏறி இறங்கும். ஆகவே இரண்டு கம்பெனிகள் தனித்தனியாக அளந்து அச்சடித்த 113-ஐயும் 116-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. ஒருவரே ஒரே நாளில், ஒரே துப்பாக்கியில், ஒரே பெட்டித் தோட்டாவை வைத்து அளந்த பட்டியல் கிடைத்தால் மட்டும் பாருங்கள். அதிலும் சுடுபவரின் காதருகே அளந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பிஸ்டலில் காலித் தோட்டா வெளியேறும் வாய் வழியாகவும் சத்தம் வரும். அந்த வழியில் வருவதை முன்னால் மாட்டிய சைலன்சர் எதுவும் செய்துவிட முடியாது.

பெயர் ‘சைலன்சர்’ என்பதால் பலருக்கு எதிர்பார்ப்பு எங்கோ போய்விடுகிறது. நம்மூர் பைக் சைலன்சரை நினைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தும் புல்லட் பைக் வருவது தெரு முனையிலேயே கேட்கும். 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கிய ஹிராம் பெர்சி மேக்சிம் இன்ஜின் சத்தத்தைக் குறைக்கும் வேலையிலும் இருந்தவர்தான். இரண்டிலும் அடிப்படை ஒன்று: சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, ஆறவைத்து, மெதுவாக வெளியே விடுவது. சைலன்சர் இல்லாத .22 ரைஃபிள் 140 டெசிபல் அளவில் நிற்கும், குட்டை பேரல் பிஸ்டல் அதைத் தாண்டும். நல்ல சைலன்சர் போட்டால் 115–120 பக்கம் வரும். 140 என்பதுதான் திடீர் வெடிச் சத்தத்துக்குக் காது பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் எல்லை. அதற்கு நன்றாகவே கீழே இருக்கிறோம். ஆனாலும் உள்ளரங்கு ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் யாரோ .223 என்ற பலமான ரைஃபிள் தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருப்பார், அங்கே காதடைப்பைக் கழற்ற வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில், முழுதாகக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். .22-இல் இது ஒன்று இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். .22 எல்ஆர் குண்டு பெரும்பாலும் மேல்உறை இல்லாத வெறும் ஈயம், அதன் மேல் மெழுகு அல்லது கொழுப்பு. சில நூறு வெடிகளில் உள்ளே ஈயமும் கரியும் சேர்ந்து கல் மாதிரி இறுகிவிடும். கழற்ற முடியாத சைலன்சர் ஒவ்வொரு பெட்டித் தோட்டாவுக்கும் எடை ஏறிக்கொண்டே போகும்.

அடுத்து உள்வடிவம். ஒரே கட்டையாகக் கடைந்த ‘மோனோகோர்’ உண்டு, தனித்தனிக் கூம்பு பாஃபிள்களை (வாயுவைத் தடுக்கும் துளையிட்ட தடுப்புகளை) அடுக்கியதும் உண்டு. மோனோகோரை ஒரே துண்டாக உருவிவிடலாம், அடுக்கும் வரிசை மாறிப்போகும் பயமில்லை. ஆனால் வாயு நேராகக் குழாயின் உட்சுவரில் மோதுவதால் கரி அங்கேயே ஒட்டிப் பூட்டிக்கொள்ளும், சுத்தம் செய்யாமல் விட்டால் சுத்தியல் இல்லாமல் வெளியே வராது. கூம்பு பாஃபிள்களில் விளிம்புகள் ஒன்றோடொன்று டப்பென்று பூட்டிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அழுக்கு பாஃபிளுக்குள்ளேயே நின்றுவிடும், குழாய்க்கு அதிகம் போகாது. ‘முதல் வெடி’ என்று ஒன்று இருக்கிறது. உள்ளே நிற்கும் காற்றின் ஆக்சிஜனில் முதல் தோட்டாவின் வாயு எரிந்து, அந்த ஒன்று மட்டும் சற்று பலமாகக் கேட்கும். மோனோகோரில் இது பொதுவாகக் கூடுதல். என் தேர்வு கூம்புதான்.

டெட் ஏர் மாஸ்க் இந்தக் கூம்பு வகை. சைலன்சர்கோ ஸ்பாரோ மோனோகோர்தான், ஆனால் அந்தக் கட்டையைச் சுற்றி இரண்டு அரைக்குழாய்களை மூடி, பிறகு வெளிக்குழாய்க்குள் தள்ளியிருப்பார்கள். கரி அரைக்குழாய்களில் நின்றுவிடும், வெளிக்குழாய் பூட்டிக்கொள்ளாது. மோனோகோரின் தொல்லைக்குச் சரியான மருந்து அது. இரண்டுமே சுமார் 5 அங்குல நீளம், ஆறரை அவுன்ஸ் எடை. ரக்டு ஆக்குலஸ் மாதிரிச் சிலவற்றில் முன்பாதியைக் கழற்றிவிட்டுக் குட்டையாகவும் மாட்டலாம். பிஸ்டலுக்குக் குட்டை, ரைஃபிளுக்கு முழு நீளம் என்று நீங்கள் கேட்டதற்கு அது பொருந்தும், குட்டையாக வைத்தால் சத்தம் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டால்.

சாட்டைச்சொடுக்கு

பட்டறை அண்ணன் சைலன்சரைச் சொல்லிவிட்டார், நான் தோட்டாவைச் சொல்கிறேன். உண்மையில் காசைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான்.

சைலன்சர் அடக்குவது வாயுவின் வெடிச் சத்தத்தை மட்டும். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால் வழிநெடுக ‘படீர்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். அதை எந்த விலை சைலன்சரும் நிறுத்தாது. ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்குச் சுமார் 1,125 அடி. சிசிஐ மினி மேக் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் 1,235 அடி, ஸ்டிங்கர் 1,640. இவை ரைஃபிளில் கட்டாயம் சொடுக்கும். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி, குண்டின் எடை 40 கிரெய்ன். உங்கள் இரண்டுக்கும் பொதுவாக இதில் ஆரம்பியுங்கள். மலிவு, மார்க் 4-இன் போல்ட்டையும் ஒழுங்காகத் தள்ளும்.

பெட்டியில் அச்சடித்த வேகம் ரைஃபிள் பேரலில் அளந்தது. 4.4 அங்குலப் பேரலில் அதே தோட்டா நூறு அடிக்கு மேல் குறைந்துதான் வெளிவரும். அதனால் ரைஃபிளில் சொடுக்கும் மலிவுத் தோட்டா சிலது பிஸ்டலில் சொடுக்காமல் போகும். பிஸ்டலில் அமைதியாக இருந்ததே என்று அதே பெட்டியை ரைஃபிளுக்கு எடுத்துப் போய்விட்டு சைலன்சரைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

குளிரையும் கணக்கில் வையுங்கள். 0 டிகிரியில் ஒலியின் வேகம் 1,087 அடிக்கு இறங்கிவிடும், டெக்சஸ் கோடையில் 35 டிகிரிக்கு 1,155 ஆக ஏறும். 1,070 அடித் தோட்டாவில் ஒன்றிரண்டு சற்று வேகமாக வெளியேறினால் ஜனவரி காலையில் பத்துக்கு ஒன்று சொடுக்கும், ஆகஸ்டில் ஒன்றுகூடச் சொடுக்காது. மீதி ஒன்பது அமைதியாக இருந்தால் அது சைலன்சர் கோளாறு அல்ல.

இன்னும் அமைதி வேண்டுமென்றால் ரைஃபிளுக்கு மட்டும் சிசிஐ கொயட்-22. 710 அடிதான். போல்ட் ரைஃபிளில் ஊசி அடிக்கும் ஓசையும் குண்டு தட்டில் மோதும் ஓசையும்தான் பெரிதாகக் கேட்கும். மார்க் 4-இல் அதைப் போட்டால் போல்ட் முழுதாகப் பின்னே போகாது, ஒவ்வொரு தடவையும் கையால் இழுக்க வேண்டும்.

இரண்டு தோட்டாக்களை சைலன்சர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒன்று, அகீலா எஸ்எஸ்எஸ், 60 கிரெய்ன் நீளக் குண்டு. குண்டைச் சுழலவைக்க பேரலின் உள்ளே வெட்டியிருக்கும் வரிகளின் முறுக்கு, சாதாரண .22-இல் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்த நீளக் குண்டை நிலையாகச் சுழற்ற அது போதாது, 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். 1:16-இல் குண்டு தள்ளாடிக்கொண்டு வெளிவரும், பேப்பரில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துளை விழும். அதே தள்ளாட்டம் சைலன்சருக்குள் நடந்தால் பாஃபிளில் இடிக்கும். இரண்டாவது, மருந்தே இல்லாமல் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பொறி) பலத்தில் மட்டும் போகும் சூப்பர் கொலிப்ரி வகை. நீளப் பேரலில் குண்டு பாதியிலேயே சிக்கி நிற்க வாய்ப்பு உண்டு. சத்தமே இல்லாத துப்பாக்கியில் அது சிக்கியது கூடத் தெரியாமல் அடுத்ததைச் சுட்டுவிடுவோம்.

அலுமினியப்பாத்திரம்

ஸ்டீல்தான் உசத்தி என்று எல்லாரும் முடித்துவிடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. அந்த பிஸ்டல் சுமார் 700 கிராம். அதன் மூக்கில் 185 கிராம் தொங்கினால், பிடித்து நிற்கும் கைக்கு அரைமணி நேரத்தில் தெரியும். முழு அலுமினியத்தில் சுமார் 85 கிராமுக்கே கிடைக்கிறது, விலையும் குறைவு. .22 எல்ஆர் மட்டும் சுடுபவருக்கு அதில் என்ன குறை?

பட்டறை

.22 எல்ஆர் மட்டும், அதுவும் ரைஃபிளில் மட்டும் என்றால் குறை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். குட்டை பேரலில்தான் அலுமினியம் தேயும். 4 அங்குலத்தில் மருந்து முழுதாக எரிந்து முடியாது. எரியாத துகள்களும் சூடான வாயுவும் முதல் பாஃபிளின் துளை விளிம்பில் மணல் வீசுவது மாதிரி அடிக்கும். சில ஆயிரம் வெடியில் விளிம்பு கரடுமுரடாகும். அதற்காகவே பல கம்பெனிகள் முதல் பாஃபிளை மட்டும் ஸ்டீலில் வைத்து மீதியை அலுமினியத்தில் செய்கின்றன. எடைக்கும் ஆயுளுக்கும் நடுவே அது நல்ல சமரசம்.

பெரிய தலைவலி சுத்தம் செய்வதில். அலுமினியத்தின் மேல் எதையும் துணிந்து போட முடியாது. கார அமிலக் கரைசல் எல்லாம் அதைத் தின்னும். அல்ட்ராசோனிக் தொட்டியில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதிய மென்மையான திரவம் மட்டுமே ஊற்ற வேண்டும். ஸ்டீல் பாஃபிள் என்றால் கவலை இல்லாமல் உருட்டி எடுக்கலாம்.

கேள்வி கேட்டவர் .17 எச்எம்ஆர், மேக்னம் என்கிறார், கவனித்தீர்களா? அங்கே அழுத்தமும் மருந்தும் அதிகம். ஸ்டீல் பாஃபிள், டைட்டானியம் குழாய். எடை ஆறரை அவுன்ஸ் வரும், வந்துவிட்டுப் போகட்டும். வாங்குவதற்கு முன் கம்பெனியின் பட்டியலில் .22 மேக்னம், .17 எச்எம்ஆர் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா பாருங்கள். ‘ரிம்ஃபயர்’ (விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் தோட்டா வகை) என்று பொதுவாக எழுதியிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, .17 எச்எம்ஆரும் மேக்னமும் ரைஃபிளில் ஒலியை நன்றாகவே தாண்டுபவை, .17 எச்எம்ஆர் 2,500 அடிக்கு மேல். சைலன்சர் போட்டாலும் சொடுக்கு இருக்கும், வாயில் வெடிப்பது மட்டும் குறையும்.

மரையும்படியும்

மாட்டுவதில்தான் சைலன்சர்கள் சாகின்றன, சுடுவதில் அல்ல. அதனால் இதைச் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

1/2×28 என்றால் அரை அங்குல விட்டம், ஒரு அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்காவில் .22-க்கு இதுதான் நடைமுறை. பிரிட்டனில் 1/2×20 அதிகம். அங்கிருந்து வந்த துப்பாக்கியில் 28-ஐத் திருகினால் முதல் இரண்டு சுற்று பிடிப்பது மாதிரி இருந்து பிறகு மரையை நாசம் செய்துவிடும். வால்தர் பி22-இல் எம்8×0.75, அதற்கு அடாப்டர் வேண்டும். அடாப்டரை ஸ்பானர் வைத்து நன்றாக இறுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சைலன்சரைக் கழற்றும்போது அடாப்டரும் சேர்ந்து கழன்று அதற்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஆபத்தான விஷயம்: அதே 1/2×28 மரைதான் .223 ரைஃபிள்களிலும் நிறைய 9 மி.மீ. பிஸ்டல்களிலும் இருக்கிறது. மரை பொருந்துவதால் தோட்டாவும் பொருந்தும் என்று அர்த்தமில்லை. .22 சைலன்சரை 9 மி.மீ.-இல் மாட்டினால் கால் அங்குலம் சொச்சமுள்ள துளைக்குள் .355 அங்குலக் குண்டு போகப் பார்க்கும். .223-இல் குண்டு நுழையும், ஆனால் அழுத்தத்தில் குழாய் பிளக்கும். ரேஞ்சுக்கு இரண்டு மூன்று துப்பாக்கியோடு போகும் நாளில் சைலன்சரைத் தனிப் பையில் வையுங்கள்.

மரை முடிகிற இடத்தில் பேரலில் ஒரு படி இருக்கும். சைலன்சரின் பின்முகம் அந்தப் படியில் சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். நேராக நிற்பது அந்தப் படியால்தான், மரையால் அல்ல. அதனால் நடுவே வாஷர், ரப்பர் வளையம் எதுவும் போடாதீர்கள். ஃபிளாஷ் ஹைடருக்கு (பேரல் வாயில் தீப்பொறியை மறைக்கும் துண்டுக்கு) வரும் நசுங்கும் வாஷர் ஒருபக்கம் கூடுதலாக நசுங்கும், ஐந்து அங்குலம் தள்ளி முன்மூடியில் அந்தச் சாய்வு குண்டு உரசும் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

முதல் தடவை மாட்டுமுன் இப்படிச் செய்யுங்கள். சைலன்சர் இல்லாமல் 25 கஜத்தில் பேப்பரில் பத்து சுடுங்கள், எல்லாத் துளையும் சுத்த வட்டமா என்று பாருங்கள். பிறகு துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருமுறை பாருங்கள், ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மரையைத் துடைத்து, சைலன்சரைக் கையால் படி வரை திருகுங்கள். .22-க்கென்று நேராகத் தீட்டிய கம்பி விற்கிறது. அதை வாய்ப்பக்கமாக பேரலுக்குள் நுழைத்து, முன்மூடித் துளையில் கம்பியைச் சுற்றி இடைவெளி நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். ஒருபக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் சுடாதீர்கள். சைலன்சரைக் கழற்றி அடுத்த துப்பாக்கியில் வைத்துப் பாருங்கள். அங்கே நடுவில் நின்றால் முதல் பேரலின் மரைதான் கோணல், துப்பாக்கிப் பட்டறையில் சரி செய்ய வேண்டும். இரண்டிலும் கோணல் என்றால் சைலன்சரைக் கம்பெனிக்கு அனுப்புங்கள்.

சுடும்போது ஒவ்வொரு மேகசின் முடிந்ததும் ஒரு கை திருகல். பிஸ்டலில் போல்ட் முன்னும் பின்னும் இடிக்கும் அதிர்வில் இது தளரும், ரைஃபிளில் குறைவு. குறி திடீரென்று சிதறினால் முதலில் கையை வைக்க வேண்டிய இடம் இதுதான். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு.

குறி இடம் மாறும் என்பதையும் எதிர்பாருங்கள். பேரல் நுனியில் எடை ஏறினால் அதன் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். மாறிய இடத்திலேயே ஒவ்வொரு தடவையும் விழுந்தால் பிரச்சினை இல்லை. ரைஃபிளின் ஸ்கோப்பை சைலன்சரோடு சேர்த்தே ஜீரோ செய்துவிடுங்கள்.

கரிசல்காடு

எல்லாருக்கும் நன்றி. ஸ்டீல் பாஃபிள், கூம்பு வகை, சிசிஐ ஸ்டாண்டர்ட் என்று மனதில் ஏறிவிட்டது. இன்னும் இரண்டு. சுத்தம் செய்ய வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சம அளவு கலந்து ஊறவைத்தால் ஈயம் கரைந்துவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே, சரியா? பக்கத்து வீட்டு நண்பரிடம் 9 மி.மீ. சைலன்சர் ஒன்று இருக்கிறது. என்னுடையது கைக்கு வரும் வரை அதை வாங்கி .22-இல் போட்டுப் பார்க்கலாமா?

அலுமினியப்பாத்திரம்

அந்தக் கலவை வேண்டவே வேண்டாம். ஈயம் கரைகிறது, உண்மை. கரைந்து லெட் அசிடேட் ஆகிறது. இறுகிக் கிடந்த ஈயத்தை விட அது பல மடங்கு மோசம்: தண்ணீரில் கலந்து கிடக்கும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றவும் முடியாது, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். அலுமினியப் பாகம் ஒன்று தவறி உள்ளே விழுந்தால் அரித்துவிடும்.

ஸ்டீல் பாஃபிளுக்கு நல்ல வழி, தோட்டா செய்பவர்கள் பித்தளைக் கூடு கழுவப் பயன்படுத்தும் ஈர உருட்டு டிரம். பொடி ஸ்டீல் ஊசிகள், தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. சில மணி நேரம் ஓடவிட்டால் புதிது மாதிரி வரும். குழாயை அதில் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும், சீரியல் எண்ணும் மங்கலாம். குழாயைத் துணியும் எண்ணெயும் கொண்டு துடைத்தால் போதும். டிரம்மில் வரும் கறுப்புத் தண்ணீரிலும் ஈயம் இருக்கிறது, அதையும் மூடிய டப்பாவில் சேர்த்துக் கழிவு மையத்தில் கொடுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். காய்ந்த கரியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும், எப்போதும் எண்ணெய் நனைத்தே தேய்க்க வேண்டும். சமையலறைத் தொட்டி பக்கமே போகக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரட்டிப்புக் கவனம்.

எத்தனை வெடிக்கு ஒருமுறை? 300 முதல் 500-க்குள். அதைத் தாண்டினால் கழற்றுவதே வேலையாகிவிடும். சுத்தம் செய்து மாட்டுமுன் பாஃபிள்களின் மேல் சிலிகான் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவினால் அடுத்த முறை ஈயம் தகடு தகடாக உரிந்து வரும். டாட் 5 பிரேக் ஆயில் என்பது சிலிகான்தான், அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். டாட் 3, டாட் 4 வேறு பொருள், அவை பெயின்ட்டை உரிக்கும், ஈரத்தை இழுக்கும். எண் பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு மேகசினுக்குப் புகை வரும், பயப்பட வேண்டாம்.

கழற்றும்போது பாஃபிள்களை வந்த வரிசையிலேயே துணி மேல் அடுக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாஃபிள் மற்றதை விட வித்தியாசமாக இருக்கும், அது பேரல் பக்கம் வர வேண்டும். கூம்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டு மூடி இறுகவில்லையே என்று பிளையர் வைத்து இறுக்காதீர்கள்.

பட்டறை

9 மி.மீ. சைலன்சரை .22-இல் போடலாமா என்றால், இயந்திரக் கணக்கில் போடலாம், துளை பெரிதாக இருப்பதால் குண்டு இடிக்காது. சத்தம் .22-க்கென்றே செய்ததை விடச் சற்று அதிகமாகக் கேட்கும், எடை கூடுதல். ஸ்பிரிங் பிஸ்டனை எடுத்துவிட்டு அசையாத பேரலுக்கான இடைத்துண்டைப் போட வேண்டும். ஆனால் பெரும்பாலான 9 மி.மீ. சைலன்சர்கள் செம்பு உறைக் குண்டுக்குச் செய்தவை. சிலவற்றைக் கழற்றவே முடியாது. அதற்குள் .22 சுட்டு ஈயத்தை நிரப்பிக் கொடுத்தால் நண்பர் நண்பராக இருக்க மாட்டார்.

படிவம்

நண்பர் விஷயத்தில் அதை விடப் பெரிய தடை சட்டம். சைலன்சர் யார் பெயரில் பதிவோ அவர் கூடவே நிற்கும்போது ரேஞ்சில் நீங்கள் சுட்டுப் பார்க்கலாம். ‘வாங்கிக்கொண்டு போய் அடுத்த வாரம் தருகிறேன்’ என்பது பதிவில்லாத கைமாற்றம், மத்தியக் குற்றம்.

வாங்கும் வழி சுருக்கமாக. 1934-இன் தேசிய துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருவதால், சைலன்சர் விற்க உரிமம் உள்ள கடை மூலம் படிவம் 4 போட வேண்டும். கைரேகை, பாஸ்போர்ட் அளவு போட்டோ, உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு நகல். ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) ஒப்புதல் வரும் வரை பொருள் கடையிலேயே இருக்கும், காசு கட்டியிருந்தாலும். 1934-இலிருந்து மாறாமல் இருந்த 200 டாலர் வரி, சைலன்சருக்கு 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். வரிதான் போனது, பதிவு அப்படியே இருக்கிறது. ‘இனி படிவமே வேண்டாம்’ என்று சுற்றும் வாட்ஸாப் செய்தியை நம்பாதீர்கள்.

தனிப் பெயரில் வாங்கினால் நீங்கள் இல்லாதபோது மனைவி கூட அதை எடுத்துப் போக முடியாது. டிரஸ்ட் பெயரில் வாங்கினால் அதில் உள்ள பொறுப்பாளர் எல்லாரும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொருவரும் கைரேகையும் போட்டோவும் தர வேண்டும்.

கிரீன் கார்டு உங்களுக்குத் தடையில்லை. இதைப் படிக்கும் எச்1பி நண்பர்களுக்கு: தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பிப் படிவம் 4 போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். தவறினால் விசாவும் போகும்.

காரில் வெளிமாநிலம் போவதற்கு சைலன்சருக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், இலினாய், ஹவாய், டெலவேர், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டிலும் தனிநபர் வைத்திருப்பதே தடை. தலைநகர் வாஷிங்டனிலும் அப்படியே. ஊருக்கு எடுத்துப் போகும் பேச்சே வேண்டாம். இங்கிருந்து வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வேண்டும். இந்திய ஆயுதச் சட்டம், 1959, சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையே துப்பாக்கி என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. பெட்டியில் மறந்து கிடந்தது என்றாலும் விமான நிலையத்தில் அது துப்பாக்கிதான்.

மரையும்படியும்

படிவம் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தனி பாஃபிள் ஒன்றுமே சட்டத்தின் கண்ணில் சைலன்சர். பாஃபிளில் குண்டு இடித்துவிட்டால் உபரி வாங்கி நீங்களே மாற்ற முடியாது, கம்பெனிக்கு அனுப்பித்தான் சரி செய்ய வேண்டும். ஆகவே கம்பெனி நிலையாக நடக்கிறதா, பழுதுக்கு என்ன உத்தரவாதம் தருகிறது என்பதை வாங்கும்போதே பாருங்கள். எனக்கு டெசிபலை விட அதுதான் முக்கியம். இணையத்தில் ‘துப்பாக்கி சுத்தம் செய்யும் குழாய்’ என்ற பெயரில் கூம்புகளோடு மலிவாக வருவதைத் தொடாதீர்கள். அப்படி வாங்கியவர்கள் வீட்டுக்கு ஏடிஎஃப் வந்திருக்கிறது.

கரிசல்காடு

புரிந்தது. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் அவர் முன்னாலேயே ஒரு மேகசின் சுட்டுப் பார்த்துவிட்டு, கடையில் மாஸ்க் மாதிரி ஒன்றுக்கு டிரஸ்ட் பெயரில் படிவம் போடுகிறேன். நேர்ப்பார்க்கும் கம்பியை இப்போதே வாங்கி இரண்டு பேரலிலும் ஏதாவது பார்த்துக்கொள்ள முடியுமா, சைலன்சர் வராமலேயே?

மரையும்படியும்

சைலன்சர் இல்லாமல் கம்பி ஒன்றும் சொல்லாது, ஒப்பிட முன்மூடித் துளை வேண்டும். இப்போதைக்கு மரை மூடியைக் கழற்றி, படியின் முகத்தில் பெயின்ட், பிசிறு, அடி வாங்கிய பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மார்க் 4-இன் மரை மூடி சில சமயம் முரட்டு இறுக்கமாக வரும். பிளையர் வைக்காதீர்கள், பெல்ட் ஸ்பானர் வைத்துத் திருப்புங்கள்.